தென்கிழக்கு மூலை

ஒரு கோட்டை இடிந்துபோனால் கடைசியில் எது மிஞ்சும்? தளபதி உட்கார்ந்த இடம், சாமி கும்பிட்ட இடம், தானியம் சேர்த்து வைத்த இடம் என்று நினைப்போம். இங்கிலாந்தின் வடக்கே ஹவுஸ்ஸ்டெட்ஸ் என்ற ரோமானியக் கோட்டையில் மற்ற எதையும்விட நன்றாக மிஞ்சியிருப்பது கக்கூஸ்.

கி.பி. 122ல் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் பிரிட்டனின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை ஒரு சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். 73 மைல் நீளம். அதையொட்டி வரிசையாகக் கோட்டைகள். அந்த வரிசையில் நடுவாக்கில், ஒரு கரும்பாறை மேட்டின் மேல் இருக்கிறது ஹவுஸ்ஸ்டெட்ஸ். ரோமானியர்கள் வைத்த பெயர் வெர்கோவிகியம். மொத்தமே 5 ஏக்கர். அதற்குள் தலைமையகம், தளபதி வீடு, மருத்துவமனை, இரண்டு தானியக் களஞ்சியங்கள், 10 நீள நீளமான பாரக்ஸ் கட்டடங்கள். ஏறக்குறைய 800 பேர் தங்குகிற ஏற்பாடு.

இன்றைக்குப் போனால் பெரும்பாலும் முழங்கால் உயரச் சுவர்கள்தான். இது களஞ்சியம், இது மருத்துவமனை என்று பலகை சொல்ல, நாம்தான் கூரையையும் கதவையும் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். தென்கிழக்கு மூலைக்கு வந்தால் அந்தச் சிரமம் இல்லை. ஆழமான கால்வாய், நடுவில் கல் பாவிய மேடை, மேடையின் ஓரத்தில் சின்ன ஓடை, பக்கத்தில் கற்பலகைத் தொட்டி. எங்கே உட்கார்ந்தார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது, எல்லாம் பார்த்ததுமே புரிகிறது. நம்ம வாஸ்துக்காரர்கள் தென்கிழக்கை அக்னி மூலை என்பார்கள், அடுப்படி அங்கேதான் வரவேண்டும் என்பார்கள். ரோமானிய எஞ்சினியருக்கு அந்தக் கவலை இல்லை. கோட்டை தெற்கும் கிழக்குமாகச் சரிந்து இறங்குகிறது. எந்த மூலை பள்ளமோ அங்கே கக்கூஸ். அவ்வளவுதான் கணக்கு.

அது மிஞ்சியதற்கும் அந்தப் பள்ளமே காரணம் என்று தோன்றுகிறது. ரோமானியர்கள் போன பிறகு அக்கம்பக்கத்துக்காரர்கள் வீட்டுக்கும் வேலிச்சுவருக்கும் கோட்டைக் கல்லைத்தான் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மேட்டில் நின்ற சுவர் சுலபமாகக் கைக்கு வரும். பள்ளத்தில் மண் மூடிக் கிடக்கும் சாக்கடைக் கல்லை யார் தோண்டப் போகிறார்கள்?

*

இந்தக் கழிப்பிடம் எப்படி வேலை செய்தது என்று முதலில் பார்த்துவிடலாம். ஏனென்றால் இதில் ஒரு விஷயம் உடனே கண்ணில் படாது. இந்த மேட்டில் ஆறு கிடையாது. கிழக்கே, கீழே பள்ளத்தில் ஒரு சிற்றோடை உண்டு. அதன் கரையில்தான் குளியல் கூடம் கட்டினார்கள். கோட்டைக்குள் கிடைத்த தண்ணீர் பெரும்பாலும் வானத்திலிருந்து விழுந்ததுதான்.

ஆகவே மழையைப் பிடித்தார்கள். பெரிய பெரிய கற்பலகைகளை நிறுத்தி, இரும்புப் பட்டையால் இணைத்து, ஈயம் ஊற்றி அடைத்துத் தொட்டி செய்தார்கள். கூரைத் தண்ணீர் தொட்டிக்கு வந்தது. தெருத் தண்ணீர் வாய்க்கால் வழியாகச் சரிவில் இறங்கி இந்த மூலைக்கு வந்தது. இங்கே வந்த தண்ணீர் ஆழமான கால்வாயில் பாய்ந்து, அதிலிருந்ததைத் தள்ளிக்கொண்டு கோட்டைச் சுவரின் அடியில் இருந்த துவாரம் வழியாக வெளியே போனது. மூலைக் கோபுரத்தை ஒட்டிய தொட்டியின் மேல்விளிம்பு இன்றைக்கும் தேய்ந்து தேய்ந்து குழிந்திருக்கிறது. துணி துவைத்துத் தேய்ந்ததா, கத்தி தீட்டித் தேய்ந்ததா என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எப்படியானாலும் தினமும் ஆட்கள் வந்து நின்ற இடம் அது.

கால்வாயின் மேல் மரப்பலகை போட்டு, அதில் ஓட்டைகள். மரம் இங்கே மிஞ்சவில்லை. ஆனால் சில மைல் தள்ளியிருக்கும் விண்டோலாண்டா கோட்டையில் 2014ல் ஒரு மர இருக்கை அப்படியே கிடைத்தது. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் கிடந்ததால் மக்கவில்லை. ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆகியிருந்த பலகை.

இருக்கைகளுக்கு நடுவே தடுப்பு இருந்ததற்கு அடையாளம் இல்லை. வரிசையாக, தோளோடு தோள் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் கூச்சமும் வரும். ஆனால் அந்தச் சிப்பாய்க்கு வேறு எங்கே தனிமை இருந்தது? பாரக்ஸில் 8 பேருக்கு முன்னும் பின்னுமாக இரண்டு அறைகள். ஒன்றில் ஆயுதமும் சாமானும், ஒன்றில் படுக்கை. சமைப்பது, சாப்பிடுவது, தூங்குவது, குளிப்பது எல்லாம் கூட்டமாகத்தான். தனிமை என்பது கோட்டையில் அதிகாரிகளுக்குத்தான் இருந்தது. தளபதியின் வீட்டில் முற்றம் உண்டு, தரைக்கு அடியில் சூடு பாய்ச்சிய அறை உண்டு, தனிக் கழிப்பிடமும் உண்டு. படிநிலை எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டுமானால் கக்கூஸ் வரை போய்ப் பார்க்க வேண்டும்.

மேடை ஓரத்துச் சின்ன ஓடை எதற்கு? ஒரு குச்சி, அதன் நுனியில் கடற்பஞ்சு. துடைத்துக்கொள்ள அதுதான், ஓடையில் அலசி அடுத்தவருக்கு வைத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். இல்லை, அது இருக்கையைத் தேய்த்துக் கழுவுகிற பிரஷ்தான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அந்தக் குச்சியைப் பற்றி செனெகா தன் கடிதம் ஒன்றில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். மிருகங்களோடு சண்டை போடுவதற்காகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த ஒரு ஜெர்மானியன். எங்கே போனாலும் காவல். கழிப்பிடத்துக்குள் மட்டும்தான் தனியாக விட்டார்கள். உள்ளே போனவன் அந்தப் பஞ்சுக் குச்சியைத் தன் தொண்டைக்குள் திணித்துக்கொண்டு மூச்சடைத்துச் செத்துப்போனான். அவனுக்குச் சொந்தமாக ஒரு முடிவெடுக்கக் கிடைத்த ஒரே இடம் அது.

*

சரி, ஒரு படைக்குக் கழிப்பிடக் கட்டடம் எப்போது தேவைப்படுகிறது?

நடந்துகொண்டே இருக்கிற படைக்குத் தேவையில்லை. பழைய ஏற்பாட்டின் உபாகமத்தில் இஸ்ரவேலரின் பாளையத்துக்கு ஒரு சட்டம் வருகிறது. பாளையத்துக்கு வெளியே ஓர் இடம் வைத்துக்கொள், கையில் ஒரு கோல் எடுத்துப் போ, தோண்டு, மூடு. அவ்வளவுதான். நம்முடைய முல்லைப்பாட்டு அரசனின் பாசறையை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுகிறது! வேலி, காவல், நேரம் பார்த்துச் சொல்கிற ஆள், அரசனின் கூடாரத்தைப் பார்த்துக்கொள்ளும் யவனர்கள். கழிப்பிடம் மட்டும் வராது. புலவருக்குக் கூச்சம் என்று வைத்துக்கொண்டாலும், அதற்குக் கட்டடம் என்ற ஒன்று அங்கே இருந்திருக்கப் போவதில்லை. பாசறை என்றாலே போர் முடிந்ததும் கலைகிற இடம்.

வெஜீஷியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் படை நடத்துவதைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதை நேராகவே சொல்கிறார். கோடையிலோ இலையுதிர் காலத்திலோ பெரிய படை ஒரே இடத்தில் ரொம்ப நாள் இருந்தால் தண்ணீர் கெடும், காற்று நாறும், கொள்ளைநோய் வரும். அதற்கு அவர் சொல்லும் மருந்து ஒன்றுதான்: முகாமை மாற்று.

ஹேட்ரியன் சுவரில் இருந்தவர்களால் முகாமை மாற்ற முடியாது. அங்கேயே இருப்பதுதான் அவர்களுடைய வேலை. பேரரசு விரிந்துகொண்டே போன காலம் முடிந்து, இதுதான் எல்லை என்று ஒரு கோடு போட்டு உட்கார்ந்த காலம் அது. ஹவுஸ்ஸ்டெட்ஸ் ஏறக்குறைய 280 வருஷம் படையிருப்பாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே 5 ஏக்கரில் நூற்றுக்கணக்கான வயிறுகள். அப்போதுதான் கல்லில் கக்கூஸ் வேண்டியிருக்கிறது. வெற்றியைச் சொல்ல வளைவும் தூணும் கட்டினார்கள். ‘இனி எங்கேயும் போகப்போவதில்லை’ என்பதைச் சொல்வது இந்தத் தென்கிழக்கு மூலைதான்.

*

அங்கே உட்கார்ந்தவர்கள் ரோம் நகரத்துக்காரர்கள் அல்ல. இத்தாலிக்காரர்கள்கூட அல்ல. இந்தக் கோட்டையில் நீண்ட காலம் இருந்தது துங்கிரியர்களின் முதல் படைப்பிரிவு. துங்கிரியர்களின் சொந்த ஊர் இன்றைய பெல்ஜியத்தில் டோங்கெரன் பகுதி. மூன்றாம் நூற்றாண்டில் அவர்களோடு ஃப்ரிஸியர்களும் சேர்ந்தார்கள். அவர்கள் இன்றைய நெதர்லாந்தின் கடலோரத்துக்காரர்கள். பேரரசு தான் ஜெயித்த ஜனங்களையே கொண்டுபோய் இன்னொரு ஜனத்துக்குக் காவல் வைத்தது.

இங்கே ஒரு சின்ன விலகல். கக்கூஸ் என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? டச்சு மொழியில் ‘கக்ஹவுஸ்’. கக் என்றால் மலம், ஹவுஸ் என்றால் வீடு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இலங்கையிலும் கோட்டை கட்டி உட்கார்ந்த டச்சுக்காரர்கள் விட்டுவிட்டுப் போன சொல். டச்சு வினையும் லத்தீன் ‘கக்காரே’யும் உறவுக்காரச் சொற்கள். துங்கிரியனும் ஃப்ரிஸியனும் பிறந்த மண்ணில் பிற்காலத்தில் வளர்ந்த மொழிதான் டச்சு. ஆக, ஹவுஸ்ஸ்டெட்ஸ் சிப்பாயை இன்று எழுப்பிக் கொண்டுவந்து பழவேற்காட்டில் நிறுத்தி, “கக்கூஸ் எங்கே இருக்கு?” என்று நாம் பேசுவதைக் கேட்கவைத்தால், பாதியாவது புரிந்திருக்கும். தமிழில் பலருக்கும் கொச்சையாகப் படுகிற இந்தச் சொல் கோட்டைக்காரர்கள் கொடுத்தது.

*

இப்போது முக்கியமான கேள்வி. இந்தக் கல் கக்கூஸ் அவர்களை ஆரோக்கியமாக வைத்திருந்ததா?

ரோமானிய இடிபாடுகளைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி வியப்பார்கள். “ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஃப்ளஷ் வெச்சிருக்கான் பாருங்க!” வியக்க வேண்டியதுதான். ஆனால் வியப்போடு நிறுத்தினால், குழாயும் கால்வாயும் இருந்துவிட்டால் சுகாதாரம் வந்துவிடும் என்ற முடிவுக்குப் போய்விடுவோம்.

விண்டோலாண்டாவில் 1973 முதல் மெல்லிய மர ஏடுகள் கிடைத்துவருகின்றன. தபால் அட்டை அளவு, அதில் மை எழுத்து. ஈரக் குப்பை அடுக்குகளில் புதைந்து தப்பித்தவை. அதில் ஒன்று படைக் கணக்கு. கி.பி. 90களில் ஒரு மே 18ஆம் தேதி எழுதியது. எந்தப் படை? அதே துங்கிரியர் முதல் பிரிவு. பிற்காலத்தில் ஹவுஸ்ஸ்டெட்ஸ் மேட்டுக்கு வந்து சேர்ந்த அதே பிரிவு.

மொத்தப் பலம் 752. வெவ்வேறு வேலையாக வெளியூரில் 456 பேர். முகாமில் 296 பேர். இந்த 296ல் வேலைக்கு லாயக்கில்லாமல் கிடந்தவர்கள் 31. அந்த 31ஐயும் எழுத்தர் பிரித்து எழுதியிருக்கிறார்: நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண் அழற்சி 10.

எனக்கு அந்தப் பத்து பேரைத்தான் மறக்க முடியவில்லை. எல்லைக் காவல் படை. காயம் படுக்கவைத்தது 6 பேரை. கண் நோய் படுக்கவைத்தது 10 பேரை. ‘மெட்ராஸ் ஐ’ வந்த ஹாஸ்டல் அறையில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே துணி, ஒரே தண்ணீர், ஒரே ஈ. எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? அழுக்குக் கையும் ஈயும் நெருக்கடியும் இருக்கிற இடத்தில் செழிக்கிற நோய் அது.

கண்ணுக்கு எழுத்தர் சாட்சி. வயிற்றுக்குச் சாக்கடையே சாட்சி. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கம் பேர்ஸ்டன் என்று இன்னொரு ரோமானியக் கோட்டை. 1970களில் அங்கே அகழ்ந்தபோது கோட்டைக் கழிவு போய்ச் சேர்ந்த அகழி கிடைத்தது. அந்தக் கழிவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். கோதுமைத் தவிடு, அத்திப்பழ விதை, கொத்தமல்லி, காட்டுப் பழங்களின் விதை, துடைக்க உதவியிருக்கக்கூடிய பாசி. ரோமானியச் சிப்பாய் மாமிச மலை அல்ல, பெரும்பாலும் தானியம் தின்று வாழ்ந்தவன் என்பது அங்கே தெரியவந்தது. கூடவே சாட்டைப்புழு முட்டை, உருண்டைப்புழு முட்டை. விண்டோலாண்டாவின் குளியல் கூடக் கழிப்பிடச் சாக்கடையிலும் அண்மையில் அதே இரண்டும் கிடைத்திருக்கின்றன. அதோடு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஜியார்டியாவும். சின்ன வயதில் நமக்கு மூக்கைப் பிடித்துப் பூச்சி மருந்து ஊற்றினார்களே, அந்தப் பூச்சிகள்தான்.

இவையெல்லாம் மலத்திலிருந்து கைக்கும் தண்ணீருக்கும் சோற்றுக்கும் வந்து, மறுபடி வாய்க்குள் போகிறவை. பியர்ஸ் மிட்செல் என்ற ஆய்வாளர் ரோமானியப் பேரரசு முழுக்கக் கிடைத்த குடற்புழுச் சான்றுகளைத் தொகுத்து 2016ல் எழுதினார். கழிப்பிடமும் குளியல் கூடமும் கால்வாயும் வந்த பிறகு புழுக்கள் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறைந்ததாகத் தெரியவில்லை. மலத்தை வயலுக்கு உரமாகப் போட்டார்கள், காய்கறியோடு அது திரும்பி வந்தது. ஒரே குளியல் தொட்டியில் எல்லோரும் இறங்கினார்கள். இதெல்லாம் காரணமாக இருக்கலாம் என்கிறார்.

அப்படியானால் ஹவுஸ்ஸ்டெட்ஸ் கக்கூஸ் எதற்குப் பயன்பட்டது? நாற்றத்தைத் தள்ளி வைத்தது. 800 பேரை ஒழுங்காக ஓரிடத்துக்குப் போகவைத்தது. கோட்டைக்குள் கால் வைக்க இடம் விட்டது. கிருமி என்ற ஒன்றைப் பற்றித் தெரியாத காலத்தில் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் சுவரின் துவாரத்தோடு எஞ்சினியரின் கணக்கு முடிந்துவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கால்வாய் வெளியே சரிவில் இறங்கியது. தெற்கு வாசலை ஒட்டி அதே சரிவுப் பக்கத்தில்தான் ஒரு சிற்றூர் இருந்தது. வியாபாரிகள், மதுக்கடைக்காரர்கள், சிப்பாய்களின் பெண்கள், பிள்ளைகள் வாழ்ந்த ஊர். சிப்பாய் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது என்ற காலத்தில் அவனுடைய குடும்பம் சுவருக்கு வெளியே அங்கேதான் இருந்தது. உள்ளே இருப்பவருக்குச் சுத்தம் என்பது வெளியே இருப்பவரின் பக்கம் தள்ளிவிடுவது. ரோம் போய்விட்டது, இந்தப் பழக்கம் போகவில்லை.

*

இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுகிற கேள்வி வேறு. மழை பெய்யாத நாளில் அதை யார் தள்ளினார்கள்? அடைத்துக்கொண்டால் யார் கையை விட்டார்கள்?

ஹவுஸ்ஸ்டெட்ஸில் அதைச் செய்தவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டு கிடையாது. ஆனால் ரோமானியப் படையில் இந்த மாதிரி வேலைகள் எப்படிப் பங்கிடப்பட்டன என்று தெரியும். எகிப்தில் கிடைத்த, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பணிப் பட்டியல் தாளில் சிப்பாய்களின் பெயர்களும் அவரவர் அன்றாட வேலையும் கட்டம் கட்டமாக எழுதியிருக்கின்றன. காவல் வேலையோடு குளியல் கூட வேலையும் கூட்டிப் பெருக்குவதும் அதே ஆட்களுக்குத்தான் முறைவைத்து வந்தன.

யாருக்கும் அது பிடிக்கவில்லை. கி.பி. 69ஆம் ஆண்டு நிலவரத்தை எழுதும் டாசிட்டஸ், சிப்பாய்கள் இந்த எடுபிடி வேலைகளிலிருந்து தப்பிக்கத் தங்கள் அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்தார்கள் என்கிறார். காசுள்ள சிப்பாய் யாரென்று பார்த்து, அவன் பணம் கொடுக்கும்வரை அவன் தலையிலேயே வேலையைக் கட்டி வாட்டினார்களாம். கடைசியில் பேரரசர் ஒத்தோ, ‘அந்தப் பணத்தை அரசுக் கருவூலமே கொடுத்துவிடும்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. நகரங்களில் நிலைமை வேறு. பித்தினியா மாகாணத்தின் ஆளுநர் பிளினிக்குப் பேரரசர் டிராஜன் எழுதிய பதிலில், பழைய தண்டனைக் கைதிகளைக் குளியல் கூடத்துக்கும் சாக்கடை சுத்தம் செய்யவும் சாலை போடவும் அனுப்பு என்கிறார்.

ரோமானியர்களை நல்லவர்களாகக் காட்ட இதைச் சொல்லவில்லை. அடிமைகளின் முதுகில் நின்ற பேரரசு அது. சாக்கடையைத் தண்டனையாக நினைத்த சமூகம் அது. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த வேலை முறைவைத்து வந்தது, அல்லது தண்டனையாக வந்தது, அல்லது அடிமைக்கு வந்தது. அதிலிருந்து லஞ்சம் கொடுத்தாவது தப்பிக்க முடிந்தது. தண்டனை ஒருநாள் முடிந்தது. அடிமைக்கும் விடுதலை என்ற வழி ஒன்று சட்டத்தில் இருந்தது. இன்ன குடும்பத்தில் பிறந்தவர்தான் சாக்கடையில் இறங்க வேண்டும், அவருடைய பிள்ளையும் பேரனும் இறங்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

*

இந்த இடத்தில் நம்ம ஊருக்கு வந்துதான் ஆகவேண்டும். வழியும் கோட்டையிலிருந்தே வருகிறது. ஹவுஸ்ஸ்டெட்ஸ் நிலத்தை 1838ல் ஜான் கிளேட்டன் என்பவர் வாங்கிக் காப்பாற்றினார். 1898ல் போசாங்கே என்ற அகழ்வாளர் கோட்டை முழுவதையும் தோண்டி வரைபடம் எடுத்தார். ரோமானியர்களைத் தங்களுக்கு முன்னோடியாக நினைத்த பிரிட்டிஷ் பேரரசு உச்சத்தில் இருந்த காலம். அதே அறுபது ஆண்டுகளில் அந்தப் பேரரசு தன்னுடைய பாரக்ஸ் கழிப்பிடங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

கிரிமியப் போரில் இஸ்தான்புல்லின் செலிமியே பாரக்ஸ்தான் பிரிட்டிஷாரின் ராணுவ மருத்துவமனை. கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. மேலே சிப்பாய்கள் காயத்தைவிட நோயில் செத்தார்கள். 1855 மார்ச்சில் ஒரு சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்து காற்றுப்போக வழிசெய்த பிறகு சாவு வேகமாகக் குறைந்தது. அங்கே இருந்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அந்தப் பாடத்தை வாழ்நாள் முழுக்க விடவில்லை. அடுத்து அவர் கை வைத்தது இந்தியா. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்த ஒவ்வொரு படைமுகாமுக்கும் கேள்வித்தாள் அனுப்பிப் பதில்களை வாங்கினார். 1859ல் அமைத்த அரச ஆணையம் 1863ல் அறிக்கை தந்தது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள் என்றது அறிக்கை. போரில் அல்ல, பெரும்பாலும் வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் காய்ச்சலிலும்.

அதன் பிறகு கண்டோன்மென்ட்கள் மாறின. பரங்கிமலை, பல்லாவரம், வெல்லிங்டன் என்று நம் பக்கத்திலும் இருந்தவைதான். அகலமான வராண்டா, உயர்ந்த தளம், இடைவெளி விட்ட கட்டடங்கள். கழிப்பிடங்களைத் தள்ளிக் கட்டினார்கள். ஆனால் ஹவுஸ்ஸ்டெட்ஸ் மேட்டில் மழைத் தண்ணீர் செய்த வேலையை இங்கே யார் செய்தது? ஆட்கள் செய்தார்கள். தொட்டியில் விழுந்ததை அள்ளி, வாளியிலும் வண்டியிலும் முகாமுக்கு வெளியே கொண்டுபோய்க் குழியில் கொட்டினார்கள். ஒவ்வொரு ரெஜிமென்ட்டோடும் சம்பளப் பட்டியலில் துப்புரவாளர்கள் இருந்தார்கள். அவர்கள் எந்தச் சாதியிலிருந்து வந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

வெள்ளைக்காரன்தான் இதைக் கொண்டுவந்தான் என்று முடித்துவிட்டால் நமக்கு வசதி. சாதியை அவன் கொண்டுவரவில்லை. ஏற்கனவே இருந்த ஏற்பாட்டைக் கண்டோன்மென்ட்டிலும் நகராட்சியிலும் சம்பளப் பதிவேட்டில் ஏற்றி, அரசாங்க வேலையாக நிலைநாட்டினான். குழாய் போட்டுத் தண்ணீர் விடுவதைவிட அது மலிவு. மலிவுக்குக் காரணம் நாம்தான் கொடுத்திருந்தோம்.

*

ஹவுஸ்ஸ்டெட்ஸ் கக்கூஸ் இன்று உலகப் பாரம்பரியச் சின்னத்தின் ஒரு பகுதி. புல் வெட்டி, பலகை வைத்து, கல் நகராமல் பார்த்துக்கொள்கிறார்கள். நம்முடைய எடுப்புக் கக்கூஸுக்கு என்ன எச்சம் இருக்கிறது?

பழைய ஊர்களில் வீடுகளின் முதுகுப்புறம் ஓடும் குறுகிய சந்துகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தெருக்களின் கொல்லைச் சுவர்களுக்கு நடுவே, ஓர் ஆள் வாளியோடு போகிற அகலம். சுவரின் அடியில் தரையோடு ஒரு சின்னத் திறப்பு. பல இடங்களில் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள், சில இடங்களில் துருப்பிடித்த தகரக் கதவு இன்னும் தொங்கும். வீட்டுக்குள் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல், வாசல் வழியாக வராமல், வெளியிலிருந்தே ஒருவர் அள்ளிக்கொண்டு போவதற்கான திறப்பு அது. ஹவுஸ்ஸ்டெட்ஸ் சுவரில் இருப்பது தண்ணீர் வெளியேறும் துவாரம். நம் சுவரில் இருந்தது ஒரு கை உள்ளே வரும் துவாரம்.

அந்தச் சந்துகள் ஒவ்வொன்றாக ஆக்கிரமிப்பில் மறைந்துகொண்டிருக்கின்றன. யாரும் அகழ்ந்து வரைபடம் எடுக்கப்போவதில்லை. மறைவதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த ஏற்பாடு மறைந்ததா? கையால் மலம் அள்ளவைப்பதைத் தடைசெய்து 1993ல் சட்டம் வந்தது. போதவில்லை என்று 2013ல் இன்னொரு சட்டம். சாக்கடையில் இறங்கிச் செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014ல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023ல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகையை ஏற்ற வேண்டியிருந்தது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ரோமானியர்களின் கழிப்பிடத்தில் கல் மிஞ்சியது, அதைச் சுத்தம் செய்தவர்கள் யாரென்ற அடையாளம் அழிந்துபோனது. அந்த வேலை எவருடைய வம்சத்தோடும் ஒட்டிக்கொள்ளவில்லை. இங்கே கட்டடம் அழிந்துவிட்டது. எந்தத் தெருவில், எந்தக் குடியிருப்பில், எந்தப் பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் அதன் அடையாளம் இருக்கிறது என்று கேட்டால், ஊரில் யாரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்.

அடுத்த முறை யாராவது அந்தத் தென்கிழக்கு மூலையின் படத்தைப் பகிர்ந்து, “ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பாருங்க” என்று எழுதினால், நானும் லைக் போடுவேன். தொட்டியையும் கால்வாயையும் பார்த்துவிட்டு, மூலையில் ஒருவர் வாளியோடு நிற்கிறாரா என்று ஒருமுறை தேடுவேன். அங்கே அது அவருடைய அன்றைய முறை. நாளைக்கு அவர் காவலுக்குப் போய்விடுவார்.